குறத்தி காட்டிய உலகும் திரை காட்டும் உலகும்

நிலநூல் கற்பித்தலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடநூல், நிலப்படம், உலக உருண்டை ஆகியவற்றையே பெரிதும் எடுத்துரைப்பர். இலக்கிய வடிவம் ஒன்று அக்கருவிகளுக்கு நிகராக நின்று உலகைக் கற்பித்த காலமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையில் அது நிகழ்ந்தது. அம்முயற்சியை ஆராய்ந்து, அதனைக்கொண்டு இன்றைய வகுப்பறைக் கருவியின் பயனையும் எல்லையையும் அளந்தறிதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் சரபோசி 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்தவர். சுவார்ட்சு ஐயரின் அரவணைப்பில் ஐரோப்பியக் கல்வியும் பெற்றவர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. அரசருக்குக் கோட்டையளவில் அதிகாரம் எஞ்சியது. ஆளும் நிலம் சுருங்கிய அவ்வரசர் அறியும் நிலத்தை விரிக்க முற்பட்டார். சரசுவதி மகாலை வளர்த்தார். நவவித்தியா கலாநிதி என்னும் பெயரால் அச்சகம் கண்டார். மராத்தி மொழியில் தேவேந்திரக் குறவஞ்சியை ஆக்கினார். அந்நாடகத்தில் இந்திராணிக்குக் குறி சொல்ல வரும் குறத்தி, ஐரோப்பியர்வழி அறியப்பட்ட உலக நிலநூலைப் பாட்டாகப் பாடுகின்றாள். ஏழு தீவும் ஏழு கடலும் கேட்டுப் பழகிய செவிகட்குக் கண்டங்களும் நாடுகளும் இசையோடு சென்று சேர்ந்தன.

இவ்வுத்தி அரசர் ஒருவரோடு நின்றதன்று. அதே ஆசிரியரிடம் பயின்ற வேதநாயக சாத்திரியார் 1800ஆம் ஆண்டில் தமிழில் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். புதிய வானநூற் செய்திகளும் நிலநூற் செய்திகளும் அதனுள்ளும் இடம்பெற்றன. சமயத்தாலும் நூல் மொழியாலும் வேறுபட்ட இருவர் புத்தறிவுக்கு ஒரே கொள்கலனைத் தேர்ந்தமை தற்செயலாகுமா என்பது ஈண்டு எழும் வினா.

அன்று என்பதே எம் கருத்து. குறவஞ்சி தன் இயல்பாலேயே நிலம் கூறும் இலக்கியம். மலைவளமும் நாட்டுவளமும் அதன் உறுப்புகள். ஊர் சுற்றுதல் குறத்தியின் தொழில். ஆகவே பல நாடுகளை அவள் சொல்லக் கேட்போர் ஐயுறார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நோக்குக. சிங்கி தன் குற்றால மலையை முதலிற் காட்டிப் பின்னரே பிற மலைகளைச் சொல்கிறாள். அவற்றையும் உறவு முறையால் பிணைக்கிறாள்: பழனி கொழுநனுக்கு உரியது, விந்தம் தந்தையினுடையது, இமயம் தமையனுடையது. நாடகத்தின் இறுதியில் அவள் காற்சிலம்பைச் சிங்கன் வினவ, சேலத்து நாட்டிற் குறி சொல்லிப் பெற்றது என்கிறாள். இடப்பெயர் ஒன்று, உறவோடோ பொருளோடோ பிணைந்து நெஞ்சில் தங்குகிறது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் முறையைக் கல்வியியலார் இன்று வற்புறுத்துவர். சிங்கியின் பாட்டில் அம்முறை முன்பே உண்டு.

இரேனியசு ஐயரின் பூமிசாத்திரம் 1832இல் வெளிவந்தது. சரபோசி மறைந்ததும் அவ்வாண்டே. அதன்பின் நிலநூல் உரைநடைப் பாடநூலின் பொருளாயிற்று. வரையறையும் தெளிவும் கிட்டின. பாடலின் பிணைப்பு அகன்றது.

இவ்வரலாற்றைப் பட்டமேற்படிப்பு மாணவர்க்குக் கற்பிக்குங்கால், ஒளிவீழ்த்தியும் கூகுள் எர்த் என்னும் செயற்கைக்கோள் நிலப்படமும் கொண்டு இரு வகுப்புகள் நடத்தினோம். முதல் வகுப்பில் முழு உலக உருண்டையினின்று தொடங்கிக் கண்டங்களின் மேல் இறங்கிவந்தோம். மாணவர் வியந்து நோக்கினர். ஆயினும் வினா எழவில்லை. இறுதியில் ஒரு மாணவி தம் ஊரைக் காட்டுமாறு வேண்டினார். உடனே வகுப்பு முழுதும் தத்தம் ஊரைக் கேட்கத் தொடங்கிற்று. இரண்டாம் வகுப்பில் சிங்கியின் வரிசையைப் பின்பற்றினோம். குற்றால மலையில் தொடங்கி, பழனி, கொல்லி, விந்தம், இமயம் என வடக்கே சென்றோம். இம்முறை வினாக்கள் பல எழுந்தன. கிழக்கே உள்ள கொல்லிக்கும் மேற்கே உள்ள பழனிக்கும் இடைப்பட்ட தொலைவு யாது? குற்றாலத்துச் சிங்கி இமயத்தை எவ்வாறு அறிந்தாள்? அவள் சொன்ன நாடுகளுள் எவை வணிக வழியில் உள்ளன? கருவி ஒன்றே, வரிசை மாறியது, வகுப்பும் மாறியது.

இதனால் பாட்டே போதும், திரை வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. பாட்டு மலையின் பெயரைத் தரும். அதன் வடிவையும் திசையையும் தொலைவையும் தாராது. கொல்லியையும் பழனியையும் அடுத்தடுத்த அடிகளில் வைக்கும் செய்யுள், அவற்றிடையே காவிரிச் சமவெளி கிடப்பதை உணர்த்தாது. திரை அதனை ஒரு நொடியில் உணர்த்தியது. மறுபுறம், உயரத்தினின்று எடுத்த படத்தில் எல்லா மலையும் ஒரே தன்மையவாய்த் தோன்றும். எது எவர்க்கு உரிய மலை என்பதை அப்படம் சொல்லாது. அதனைச் சொல்வது இலக்கியம்.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் திறன்பலகைகள் இடம்பெற்று வரும் இந்நாளில், நிலநூல் வேறு, தமிழ் வேறு எனத் துறை பிரித்து அமைதல் இருதிறத்தார்க்கும் இழப்பு. குறவஞ்சியைத் தலைவியின் காதலுக்காகவும் சந்தநயத்துக்காகவும் மட்டுமே பயிற்றிவருகிறோம். அதன் நிலநூற் பகுதியை வெறும் பெயரடுக்கு எனக் கடந்துவிடுகிறோம். அப்பெயரடுக்கே ஒரு காலத்தில் பாடமாக இருந்தது. சரபோசியும் வேதநாயகரும் புதிய செய்தியைத் தம் காலத்தார் அறிந்த குரலில் சொல்வித்தனர். கருவி புதிதாகும்தோறும் ஆசிரியர் முதலில் ஆராய வேண்டியது, கற்போர் எந்த மலையில் நின்று உலகைப் பார்க்கின்றனர் என்பதேயாகும்.