கொலாஜன் விவாதமும் ராமச்சந்திரன் வரைபடமும்: புரத ஆய்விலிருந்து மருந்தாய்வு வரை

ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பு வெளியாகும்போது, அது நம்பத்தக்கதா என்று சோதிக்க ஆய்வாளர்கள் பார்க்கும் முதன்மையான சான்றுகளுள் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவான அவ்வரைபடத்தின் வேர், அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு எழுந்த ஒரு மறுப்பில் இருக்கிறது. அம்மறுப்பு மருந்தாய்வுக்கான அளவுகோலாக வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முப்புரிச் சுருள்

ஜி. என். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் 1922-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார், பெங்களூரில் சி. வி. ராமனிடமும், பின்னர் கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்தார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். அங்கு வருகை தந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதை எடுத்துரைத்தார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் அது. ஆய்வுக்கான மாதிரிகள் அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தன.

கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றினால் நடுவில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமிராது. எக்ஸ்-கதிர்ப் படங்களோடு இந்த விகிதத்தையும் கருதி, ராமச்சந்திரனும் அவருடன் ஆய்ந்த கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் முப்புரி அமைப்பை முன்வைத்தனர். 1955-இல் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினர்.

மறுப்பும் விடையும்

அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் இவ்வமைப்பை மறுத்தனர். அதில் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கூறி, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பதற்கு மாறாக ஒன்றையே முன்மொழிந்தனர். பிற்கால ஆய்வுகள் அதையே உறுதிசெய்தன. மூன்று இழைகள் என்ற அடிப்படையோ நிலைத்தது.

அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் இக்கேள்வியைக் கொலாஜனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதுவரை வெளியான சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் திரட்டி, ஒவ்வோர் அணு இணைக்கும் குறைந்தபட்சத் தொலைவு வகுக்கப்பட்டது. அமினோ அமிலங்கள் இணைந்த பெப்டைடுத் தொடரின் திருப்பங்களைத் தீர்மானிக்கும் ஃபை, சை என்னும் இரு கோணங்களையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டபோது, பெரும்பாலான சேர்க்கைகளில் அணுக்கள் மோதின. சில பகுதிகளே இயலுவனவாக எஞ்சின. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இம்முடிவு, ராமச்சந்திரன் வரைபடமாக, 1963-இல் வெளியானது.

மருந்தாய்வுக்கான வழி

மருந்து மூலக்கூறு புரதத்தின் குழிவில் பொருந்திச் செயல்படுகிறது. முதன்மைத் தொடரின் கோணம் பிழைபட்டால் பக்கத் தொடர்கள் இடம் மாறும். குழிவின் வடிவமே பொய்த்துவிடும். ஆகவே, மருந்து வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இவ்வரைபடச் சோதனை தேவைப்படுகிறது.

ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். திருச்சூர் மாவட்டத்துச் சேர்ப்பைச் சேர்ந்த எம். விஜயன், ஆக்ஸ்ஃபோர்டில் டோரத்தி ஹாட்ஜ்கின் குழுவில் இன்சுலின் அமைப்பை ஆராய்ந்துவிட்டு, 1971-இல் இப்பிரிவில் சேர்ந்தார். நிலக்கடலையின் லெக்டின் என்னும் புரதத்தின் அமைப்பைத் தீர்த்த அவருடைய குழு, பின்னர் காசநோய்க் கிருமியின் புரதங்களை ஆராய்ந்தது. இவ்வாறு கொலாஜனில் தொடங்கிய மரபு, மக்களை வதைக்கும் ஒரு நோயின் மருந்திலக்குகளை எட்டியது.

முடிவுரை

இவ்வரைபடம் எந்த மருந்தையும் கருதி வரையப்பட்டதன்று. தம் அமைப்பின் மீது வந்த மறுப்பை ராமச்சந்திரன் எல்லாப் புரதங்களுக்கும் உரிய கேள்வியாக விரித்தார். அதனாலேயே கணினி கணிக்கும் இன்றைய புரத அமைப்புகளுக்கும் அது உரைகல்லாகிறது. உடனடிப் பயனைக் கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் கருத்தில் கொள்ளவேண்டிய சான்று இது.