24–2: சட்டை மட்டும்தான் டைகர்ஸ்

பழைய பேஸ்பால் ஸ்கோர் அட்டைகளைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதில் ரொம்ப நாளாக என்னை உறுத்திய ஒன்று: 1912 மே 18, ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் 24, டெட்ராய்ட் டைகர்ஸ் 2.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து ரன் எடுத்தாலே ஜெயிக்கக்கூடிய ஆட்டம் இது. 24 என்றால் துவம்சம். அத்லெடிக்ஸ் 1910, 1911 இரண்டு வருடமும் உலகத் தொடரை வென்ற அணி, சரி. ஆனால் டைகர்ஸும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1907 முதல் 1909 வரை தொடர்ந்து மூன்று முறை அமெரிக்கன் லீக் சாம்பியன். அப்புறம் எப்படி இந்த அடி?

மூன்று நாள் பின்னால் போவோம். மே 15, நியூயார்க். டைகர்ஸின் பெரிய நட்சத்திரம் டை காப். பார்வையாளர் ஒருவர் அவரை விடாமல் கேவலமாகத் திட்டிக்கொண்டே இருந்தார். காப் கூட்டத்துக்குள் ஏறிக் குதித்து அந்த ஆளை அடித்து மிதித்துவிட்டார். அடிபட்டவர் அச்சகத்து விபத்தில் ஒரு கையையும் இன்னொரு கையில் மூன்று விரல்களையும் இழந்தவர். லீக் தலைவர் பான் ஜான்சன் அன்று மைதானத்திலேயே இருந்தார். விசாரணை எதுவும் இல்லாமல் காலவரையின்றி காப்பை நீக்கினார்.

காப் சக வீரர்களுக்குப் பிடித்த ஆள் இல்லை. சண்டைக்காரர். ஆனாலும் "அவர் இல்லாமல் ஆடமாட்டோம்" என்று ஜான்சனுக்குத் தந்தி கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: கீழ்த்தரமாகத் திட்டும் கூட்டத்திடமிருந்து எங்களுக்கு என்ன பாதுகாப்பு? எங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்காமலே தண்டிப்பீர்களா?

அணி களமிறங்காவிட்டால் முதலாளி ஃபிராங்க் நேவினுக்கு 5,000 டாலர் அபராதம். மேனேஜர் ஹூயி ஜென்னிங்ஸ் ஃபிலடெல்ஃபியாவிலேயே ஆள் பிடிக்கச் சொன்னார். அந்த வேலை வந்து சேர்ந்தது ஆலன் டிராவர்ஸ் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவரிடம். தெருமுனையில் நின்ற பையன்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். கூலி ஆளுக்கு 25 டாலர். பிட்சருக்கு இன்னொரு 25 உண்டு என்றதும், 'நானே போடுறேன்' என்று டிராவர்ஸ் முன்வந்தார். தன் கல்லூரி அணியில்கூட ஆடாதவர் அவர்! ஆள் போதாமல் 48, 41 வயதான இரண்டு பழைய ஆட்டக்காரர்களும் இறங்கினார்கள்.

ஷைப் பார்க் மைதானத்துக்கு வந்த நிஜ டைகர்ஸ் காப்பை ஆடவிடவில்லை என்றதும் சட்டையைக் கழற்றிவிட்டு வெளியேறினார்கள். அதே சட்டைகளை இந்தப் பையன்கள் மாட்டிக்கொண்டார்கள்.

டிராவர்ஸ் கடைசி வரை தானே வீசினார். 8 இன்னிங்ஸ், 26 ஹிட், 24 ரன். அதில் 14 ரன்தான் அவர் கணக்கு. மிச்சம் பத்தும் பின்னால் நின்றவர்கள் பந்தைக் கோட்டைவிட்டதால் போனவை. அந்தக் கும்பலிலும் ஒரு எட் இர்வின் இருந்தார். மூன்று முறை பேட் பிடித்து இரண்டு டிரிபிள் அடித்தார். வாழ்நாள் சராசரி .667! இன்னொருவர் பில்லி மஹார்க். 1919 உலகத் தொடர் சூதாட்ட ஊழலில் பிற்பாடு அடிபட்ட பெயர்.

வாழ்நாள் தடை என்று ஜான்சன் மிரட்டினார். காப்பே 'போய் ஆடுங்கள்' என்று சொல்ல, வேலைநிறுத்தம் முடிந்தது. தீர்ப்பைப் பாருங்கள். அடித்த காப்புக்கு 50 டாலர் அபராதம், 10 நாள் தடை. அவருக்காக நின்றவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர்!

அவர்கள் நின்றது தப்பான ஆளுக்காக, கேட்டது சரியான கேள்வி என்பது என் எண்ணம். அதே வருடம் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள்.

டிராவர்ஸ் பிற்காலத்தில் ஏசு சபைப் பாதிரியார் ஆனார். அமெரிக்கன் லீகில் ஒரே ஆட்டத்தில் அதிக ரன் கொடுத்த பிட்சர் என்ற சாதனை இன்றும் அவர் பெயரில்தான். ஸ்கோர் அட்டையில் ரன்னுக்கு ஒரு கட்டம், ஹிட்டுக்கு ஒரு கட்டம். வேலைநிறுத்தம் என்று எழுத அதில் கட்டமே கிடையாது.