ஐந்து தூய்மைகள்: தம்பானூர் வட்டாரத்தில் வீட்டு வழிபாட்டு ஆயத்தத்தின் வரலாறு

நீராடுதல், உலர்ந்த உடை உடுத்தல், இடம் மெழுகுதல், நெற்றியில் நீறிடுதல், மனத்தை ஒருமைப்படுத்துதல் ஆகியவை வீட்டு வழிபாட்டுக்கு முன் செய்யும் ஆயத்தங்கள். சைவக் கிரியை நூல்கள் இவற்றைச் ‘சுத்தி’ என்ற சொல்லில் அடக்குகின்றன. யார் தூயவர், தூய்மையை எவ்வாறு அடைவது என்ற இரு கேள்விகளுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் தரப்பட்டன. திருவனந்தபுரத்தில் தம்பானூர், அதை ஒட்டிய தைக்காடு, சற்றுத் தொலைவிலுள்ள கோட்டையகம், ஆற்றுக்கால் ஆகிய இடங்களின் வரலாற்றில் அம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம்.

ஆகம மரபின் ஐந்து சுத்திகள்

தனக்காகச் செய்யும் பூசையை ஆகமங்கள் ‘ஆன்மார்த்தம்’ என்றும், ஊருக்காகக் கோயிலில் செய்வதைப் ‘பரார்த்தம்’ என்றும் பிரிக்கின்றன. ஆன்மார்த்த பூசையின் ஒழுங்கை 11ஆம் நூற்றாண்டில் சோமசம்புவும், 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியரும் கிரியை வழிகாட்டிகளான தம் பத்ததி நூல்களில் வகுத்தனர். ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி என்னும் ஐந்தும் அவ்வொழுங்கின் அடிப்படை.

ஆன்மசுத்தியின் உட்கூறான பூதசுத்தியில், உடலிலுள்ள ஐம்பூதங்கள் ஒன்றினுள் ஒன்றாக ஒடுங்குவதாகவும், பழைய உடல் எரிந்து அமுதத்தால் நனைந்து புதிதாக எழுவதாகவும் வழிபடுவோர் பாவிப்பர். தானசுத்தி பூசை நிகழும் இடத்தை இடையூறுகளிலிருந்து காக்கும். மலரும் நீரும் திரவியசுத்தியால் பூசைக்கு உரியவை ஆகும். மந்திரசுத்தி ஒலிப்பைச் செம்மைப்படுத்தும். முதல் நாள் சாத்திய மலரைக் களைந்து திருமேனியை நீராட்டுவது இலிங்கசுத்தி.

நீராட்டையும் இந்நூல்கள் பலவகையாக விரித்துரைக்கின்றன. தண்ணீரில் மூழ்குவது வாருணம்; திருநீறு பூசுவது ஆக்கினேயம்; ஆவின் குளம்படித் தூளில் நிற்பது வாயவியம். நோயாளியும் வழிப்போக்கரும் நீறணிந்தே தூய்மை பெறலாம் என்பதால், தண்ணீர் இல்லாத இடத்திலும் நியமம் தடைப்படவில்லை. ஆயினும் அடிப்படை நிபந்தனை ஒன்று இருந்தது. சமய தீக்கையும் அதன்பின் விசேட தீக்கையும் பெற்றவருக்கே சிவபூசை செய்யும் உரிமை உண்டு. ஆக, ஐந்து சுத்திகளும் குருவின் வாயிலாக உரிமை பெற்றோருக்குரிய பயிற்சிகளாக விளங்கின.

கோட்டையகமும் மலையாள இல்லங்களும்

பத்மநாப சுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையகத்திலும் கரமனையிலும் தமிழ்ப் பிராமணர் அக்கிரகாரங்கள் உண்டு. அங்கே ‘மடி’ என்பதே ஆயத்தத்தின் மையம்: குளித்தபின் பிறர் தொடாமல் உலர்த்திய துணியை உடுத்தியே பூசையறைக்கும் அடுக்களைக்கும் செல்வது வழக்கம். மலையாள இல்லங்களிலும் குளித்து ஈரம் மாற்றாமல் நிலவிளக்கைத் தொடுவதில்லை. அந்தியில் கை, கால், முகம் கழுவி, ‘தீபம், தீபம்’ என்று கூறியவாறு பெண்கள் விளக்கை உம்மறத்துக்கு (வீட்டின் முன்திண்ணைக்கு) எடுத்துவர, குடும்பத்தார் அமர்ந்து நாமம் சொல்வர். கர்க்கடக மாதப் பிறப்புக்கு முன் வீடு முழுவதையும் அடித்துக் கழுவி, பழைய பொருள்களை நீக்கியபின் இராமாயண வாசிப்பைத் தொடங்குவர்.

இவ்வழக்கங்களுக்கு மந்திரமோ தீக்கையோ தேவையில்லை. ஆனால் தூய்மை பற்றிய இதே எண்ணம் சாதிக் கட்டுப்பாடாகவும் செயற்பட்டது. ஒருவர் எவ்வளவு நீராடினாலும் பிறப்பால் வந்ததாகக் கருதப்பட்ட ‘தீண்டல்’ நீங்காது என்பதே பழைய திருவிதாங்கூர் அரசின் நடைமுறை. வழிபாட்டுக்கான ஆயத்தம் எல்லோர் கைக்கும் எட்டக்கூடியதாக இருந்தும், தகுதி சிலருக்கே வழங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் சமயச் சிந்தனையாளர்கள் இந்த முரணையே எதிர்கொண்டனர்.

அச்சு நூலும் தைக்காட்டு யோகமும்

முதல் மாற்றம் அச்சின் வழியே வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடை முதலிய நூல்களில் திருநீறு, ஐந்தெழுத்து, அனுட்டானம் ஆகியவற்றின் விதிகளை எளிய தமிழ் உரைநடையில் தந்தார். குருவின் வாய்மொழியாகவும் வடமொழிப் பத்ததிகளாகவும் இருந்த நியமம் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்யும் பாடமாயிற்று. ஆசாரத் தகுதிகளை நாவலர் தளர்த்தவில்லை. எனினும் விதிகளை யாரும் படிக்கும் நிலை உருவாயிற்று. திருவனந்தபுரத்தில் 1885இல் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் முயற்சியால் எழுந்த சைவப் பிரகாச சபை, நகரத் தமிழரிடையே இத்தகைய சைவக் கல்விக்கு இடமளித்தது.

இரண்டாவது மாற்றம் தைக்காட்டில் நிகழ்ந்தது. அங்குள்ள பிரிட்டிஷ் ரெசிடென்சியில் மேலாளராகப் பணிபுரிந்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909) தமிழர், முருக பக்தர், யோகி. சீர்திருத்தவாதிகளான சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர். தைப்பூச வழிபாட்டின்போது ஒடுக்கப்பட்டோர் தலைவர் ஐயன்காளி உள்ளிட்ட பல சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி அவர் உணவளித்தார். அவர் போதித்த யோகத்தில் மூச்சை அடக்கி உள்ளத்தை நிறுத்துவதே தூய்மைக்கு வழி; பிறப்புக்கு அதில் இடமில்லை.

நாராயண குருவின் பஞ்சசுத்தி

1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, தமிழிலும் சிவன் மீது பாடல்கள் இயற்றியவர். சைவ மரபை நன்கறிந்தவர். 1928 ஜனவரியில் கோட்டயம் நாகம்படம் கோயிலில் சிவகிரி யாத்திரைக்கு அவர் அனுமதி அளித்தபோது, பத்து நாள் விரதத்தையும் பஞ்சசுத்தியையும் விதித்தார். உடல், உணவு, மனம், சொல், செயல் ஆகியவற்றின் தூய்மையே அந்த ஐந்து. இவற்றைப் புத்தரின் நெறியாகவே அவர் சுட்டினார். எனவே ஆகமப் பட்டியலின் நேர்வழி வாரிசாக இதைக் கொள்ள முடியாது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். இடம், பூசைப் பொருள், இலிங்கம் ஆகிய மூன்றும் புதிய ஐந்தில் இல்லை. மந்திர ஒலிப்பின் செம்மை இருந்த இடத்தில் அன்றாடப் பேச்சின் நேர்மை நிற்கிறது. உணவும் செயலும் புதிதாகச் சேர்ந்தன. பூசையறையில் சில நாழிகை நீடித்த ஆயத்தம் நாள் முழுவதற்குமான ஒழுக்கமாக விரிந்தது.

செலவையும் குரு கருத்தில் கொண்டார். மஞ்சள் உடைக்காகப் பட்டு வாங்க வேண்டாம், வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்தாலே போதும் என்றார். பத்து நாள் விரதத்தை வீட்டிலிருந்தே நோற்கலாம். கோயில்களில் நிலவிய பிறப்புத் தடையோ, 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட கோயில் நுழைவு அறிவிப்பால் சட்டத்திலும் நீங்கியது.

ஆற்றுக்கால்: வீதியும் முற்றமும்

கும்ப மாதத்தில் பெண்கள் பொங்கலிட்டு அம்மனை வழிபடும் ஆற்றுக்கால் பொங்காலை, இன்றைய ஆயத்த முறைகளைக் காட்டும் சான்று. மதுரையை எரித்தபின் கொடுங்கல்லூர் செல்லும் வழியில் கண்ணகி இங்குத் தங்கினாள் என்பது தல மரபு. விழா தொடங்கும் காப்புக்கட்டு நாளில் கண்ணகி கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடத் தொடங்குவர். ஒன்பதாம் நாள் பொங்காலை. அதற்கு முன் பெண்கள் மீனும் இறைச்சியும் நீக்கி, ஒருவேளை மட்டும் சோறுண்டு, இருவேளை குளித்து விரதம் நோற்பர். ‘புல’, ‘வாலாய்மை’ எனப்படும் இறப்பு, பிறப்புத் தீட்டு உள்ளவர் விலகியிருக்கும் பழைய வழக்கம் இங்கு நீடிக்கிறது. சாதித் தகுதியோ தீக்கையோ கேட்கப்படுவதில்லை.

1931இல் திறக்கப்பட்ட தம்பானூர் ரயில் நிலையமும் அதன் எதிரேயுள்ள பேருந்து நிலையமும் வெளியூர்ப் பெண்கள் வந்திறங்கும் வாயில்கள். மூன்று செங்கல், மண்கலம், பச்சரிசி, வெல்லம், தேங்காய், காய்ந்த பாளை ஆகியவற்றுடன் அவர்கள் தம்பானூர்ச் சாலையோரத்திலேயே அடுப்பு அமைப்பர். 2009இல் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. தெருவோரத்தில் ஒரு பெண் நீர் தெளித்துத் துடைத்த சிறு இடம், அவளுடைய விரதத்தால் வழிபாட்டிடம் ஆகிறது.

கொரோனாவால் 2021 பிப்ரவரி 27, 2022 பிப்ரவரி 17 ஆகிய நாள்களில் பெண்கள் தத்தம் வீடுகளிலேயே பொங்காலை இட்டனர். கோயிலில் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பு மட்டும் எரிந்தது. வீட்டு முற்றம் கழுவி, விளக்கேற்றி, அவல், மலர், பழத்துடன் கணபதிக்குப் படையல் வைத்து, கோயில் அடுப்பில் தீ மூட்டும் வேளையில் தம் அடுப்பையும் மூட்டினர். கோயிலும் கூட்டமும் அருகில் இல்லாதபோதும் வழிபாடு நிறைவுற்றது. விரதத்தின் ஒழுங்கு அவர்கள் கைவசம் இருந்ததே அதற்குப் போதுமானதாயிற்று. ஆகமத்தில் குருவின் தீக்கையால் கிடைத்த தகுதியை, இந்த வட்டாரத்தின் வீட்டு வழிபாட்டில் விரதமே வழங்குகிறது.