எழுத்துத் திரையும் தமிழும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியொன்று இயங்கத் தொடங்கும்போது, படங்களோ சாளரங்களோ இன்றி எழுத்துக்களை மட்டும் காட்டி, ஆணையை எதிர்நோக்கி நிற்கும் நிலையை எழுத்துத் திரை எனலாம். பெரும்பாலார் இன்று இதனைக் காண்பதில்லை. எனினும் வரைகலைத் திரை பழுதுற்றவிடத்தும், நினைவகம் குறைந்த பழைய பொறிகளிலும், வலையமைப்பின் வழங்கிகளிலும் கணினியை இந்நிலையிலேயே தொடங்கச் செய்வது வழக்கம். அத்திரையிலே தமிழ் பெற்ற இடம் யாது என்பது ஆராயத்தக்கதாகும்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் எழுத்துத் திரை, கிடையாக 80, நிலைக்குத்தாக 25 என 2000 கட்டங்களாற் பகுக்கப்பட்டிருந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து. எழுத்து வடிவங்கள் 256. ஆங்கிலத்துடன் மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய குறிகளும் கிரேக்க எழுத்துக்கள் சிலவும் அவற்றுள் இடம்பெற்றன. தமிழ் இடம்பெறவில்லை. 1984இல் வந்த இ.ஜி.ஏ. அட்டை அவ்வடிவங்களை மாற்றியமைக்க இடமளித்தபோதிலும், ஒருங்கே காட்டக்கூடியவை 512ஐ விஞ்சவில்லை.

கட்டத்துள் அடங்க வேண்டிய இவ்விடர் தமிழுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிற் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைக்க முற்பட்டபோதும் இதுவே எதிர்ப்பட்டது. குறியைப் பொறித்த பின்னும் இடம் நகராதிருக்கும் விசைகளைக் கொண்டு அவர் அதனை வென்றார். ஒரே இடத்தில் மெய்யும் குறியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தன. கணினியின் எழுத்துத் திரையோ ஒரு கட்டத்தில் இரண்டைப் பதிய இடந்தரவில்லை.

சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டு இதனை விளக்கலாம். அப்பெயரைச் சாவகரின் சேரி எனப் பொருள்கொண்டு, 13ஆம் நூற்றாண்டிற் படையெடுத்து வந்த சந்திரபானுவோடு தொடர்புபடுத்துவர் வரலாற்றாசிரியர் சிலர். நாம் எழுதும்போது அது ஆறெழுத்து. 1991இல் வெளிவந்த ஒருங்குறியிலோ அது பத்துக் குறியீடுகளாகச் சேமிக்கப்படும். குறியீட்டுக்கு ஒரு கட்டம் என அவற்றை அடுக்கினால், புள்ளி மெய்யின் தலையை விட்டுத் தனித்து நிற்கும். "சே" என்பதன் கொம்பு சகரத்தின் பின்னே விழுந்து அடுத்த ரகரத்தைச் சாரும். பெயரிற் பொதிந்த வரலாற்றை ஆராய்வது இருக்க, பெயரையே படிக்க இயலாது போகும். 1990களில் உருவான திஸ்கி முறை கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துக்களைச் சேமித்தமையால் இவ்விடர் அதிற் குறைவு. ஆனால் உலகம் ஒருங்குறியையே ஏற்றது.

1980களில் கனடாவில் முனைவர் சீனிவாசன் ஆக்கிய "ஆதமி" முதலியன டொஸ் தளத்திலே தமிழை எழுத வழிசெய்தன. ஆயினும் அம்மென்பொருள்கள் இயங்கத் தொடங்கும்வரை திரை ஆங்கிலத்திலேயே பேசியது. வின்டோஸ் 95 வந்த பின்னரும் அதன் தொடக்கக் கோப்பொன்றில் "பூட்ஜியூஐ" என்பதன் மதிப்பைச் சுழியமாக்கினால் கணினி டொஸ் திரையில் நிற்கும். 1991இல் தோன்றிய லினக்ஸில், ரெட் ஹற் வழிவந்த பதிப்புகளிலே, "இனிட்டாப்" கோப்பின் 5 என்னும் எண்ணை 3 ஆக்குவதே முறையாயிற்று. 2010இல் அறிமுகமான "சிஸ்டம்டி" அமைப்பில், தொடக்க இலக்கினை வரைகலையிலிருந்து "மல்டி யூசர்" நிலைக்கு மாற்றினால் அதுவே நிகழும். வழிகள் மாறினும் திரையின் மொழி மாறவில்லை. லினக்ஸ் கருநிரலின் இயல்பான எழுத்துத் திரை தமிழெழுத்துக்களைக் கோத்து வரையும் ஆற்றலை இன்றும் பெறவில்லை. ஆகவே தமிழாக்கப்பட்ட செய்திகளும் அங்கே பயன்தருவதில்லை.

இது தவிர்க்கவொண்ணாத விதியன்று என்பதற்கு யப்பான் சான்று. அங்கு 1990இல் வெளியான "டொஸ்/வி", வரைகலைத் திரையையே எழுத்துத் திரைபோல் நடத்தி, காஞ்சி எழுத்தொன்றுக்கு இரு கட்டங்களை ஒதுக்கிற்று. பெருஞ்சந்தையும் அரசின் ஆதரவும் உடைய மொழிக்கு அது எளிதாயிற்று. அதே 1990களிலே யாழ்க் குடாநாடு தேசிய மின்வலைப்பின்னலுக்குப் புறத்தே இருந்தது. 2000ஆம் ஆண்டு மே முதல் செப்ரெம்பர் வரை நிகழ்ந்த போரிற் சாவகச்சேரி நகரம் பேரழிவுற்றது. கணினியின் அடித்தளங்கள் வகுக்கப்பட்ட காலத்திலே, அவற்றின்மீது தம் மொழிக்காக உரிமை கோரும் நிலையில் அம்மக்கள் இருக்கவில்லை.

2008இன் இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 1326 தமிழுக்கு ஒருங்குறியையும் விசைப்பலகையையும் வரையறுத்தது. அதனால் எழுதும் தமிழ் நிலைபெற்றது. ஆனால் கணினி பழுதுற்றுத் தன் குறையைக் கூறும் வேளையிலே, தமிழ்வழிக் கற்ற சாவகச்சேரி மாணவன் பிறமொழியின் துணையையே நாட வேண்டியுள்ளான். கருநிரலுக்குப் புறத்தே நின்று எழுத்துக்களைத் தாமே வரையும் முனையங்கள் இன்று உள்ளன. அவற்றைத் தமிழுக்கு ஏற்பச் செப்பனிடுதல், முத்தையா தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே அமையும். கணினியியல் கற்கும் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.