முன்பாரம்

போன வருசம் நண்பனின் பாய்ப்படகை என் கார் பின்னால் கட்டி, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு இழுத்துப்போனேன். லேசர் வகைப் படகு. 4.2 மீட்டர் நீளம், வெறும் கூடு மட்டும் 59 கிலோ. சாத்தூர் தாண்டி 80-ல் போகும்போது ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, எப்படியோ ஓரங்கட்டினேன். பின்னால் வந்த லாரி உரசுகிற தூரத்தில் கடந்துபோனது. மிச்ச வழியை 30-ல் உருட்டி, கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வயலிலிருந்து ஜின்னிங் பேக்டரிக்குப் பருத்தி வண்டி ஓட்டியவர். படகை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கொக்கியைக் கழற்றச் சொல்லி, ட்ரெய்லரின் மூக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"முன்பாரமே இல்லியேலே. மாடு பூட்டியிருந்தா நுகம் மேல ஏறி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிச்சிருக்கும்."

பொறியியல் படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் மூக்கு லேசாகிவிடும். வேகத்தில் வண்டி வாலை ஆட்டும். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளியலறைத் தராசை வைத்துப் பார்த்தோம்: 190 கிலோவில் கொக்கிக்கு வந்தது 4 கிலோ. நங்கூரமும் சாமான் பெட்டியும் கடைசியில் கிடந்தன.

இந்தக் கணக்கு கரிசல் மண்ணுக்குப் பழசு. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வரத்து குறைந்து, இந்தியப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. 'திருநெல்வேலி' என்ற பெயரிலேயே எங்கள் பருத்தி சந்தைக்குப் போனது. மதுரை–தூத்துக்குடி ரயில் வந்தது 1876-ல்தான். அதுவரை பருத்தி துறைமுகம் போனது மாட்டு வண்டியில். மழை பெய்தால் சக்கரத்தை விடாத மண் இது. அங்கே பாரம் தப்பினால் மாடு போச்சு. மாடு போனால் குடும்பம் போச்சு.

தூத்துக்குடியிலும் கதை முடியவில்லை. கரையோரம் ஆழம் கிடையாது, பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நின்றன. வண்டி இறக்கிய பொதிகளைப் பாய் விரித்த தோணிகள் கொண்டுபோய்ச் சேர்த்தன. வண்டிக்காரர் முடித்த இடத்தில் தோணிக்காரர் தொடங்கினார். அவருக்கும் அதே கவலைதான்: பாரத்தை எங்கே வைப்பது?

என் படகுக்கும் வண்டியோடுதான் பிறவி. 1969-ல் கனடாவில் இயன் புரூஸ், கார் மேல் ஏற்றிப்போகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்று புரூஸ் கர்பியிடம் தொலைபேசியில் கேட்டார். அதிலிருந்து வந்ததுதான் லேசர். வரைந்தவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். தாத்தாவுக்குப் பாரம் வைக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டேன். "எங்கய்யாதான். அவருக்கு அவங்கய்யா," என்றார். ரயிலுக்கும் ஆலைகளுக்கும் வரலாறு எழுதியிருக்கிறார்கள். இந்த அய்யாக்களுக்கு இல்லை.

படகை ஒரு சாண் முன்னால் தள்ளினோம். பெட்டியை அச்சுக்கு முன்னால் கட்டினோம். தராசு 18 காட்டியது. தாத்தா தராசைப் பார்க்கவில்லை. மறுபடி மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பம் போ," என்றார்.

தூத்துக்குடி வரை ட்ரெய்லர் ஆடவே இல்லை.