ஃபைல்களைப் பூட்டும் முன் ரான்சம்வேர் செய்யும் வேலை... உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்பது எப்படி?

தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லா தெரியும். யானை வாழையை முறிச்சுப் போட்ட பிறகு விடிஞ்சு போய்ப் பார்க்கிறது வேற, வேலிக் கம்பி அறுந்த சத்தம் கேட்டதுமே எழுந்து போறது வேற. கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு வேலி இருக்கு. அதன் பெயர் ஃபைல் பர்மிஷன்.

ஒரு ஃபைலை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்பதை விண்டோஸ் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும். பாக்கு வியாபாரியின் கணக்கு ஃபோல்டரை அவரும் கணக்குப்பிள்ளையும் மட்டும் திறக்கலாம் என்றால், அது பர்மிஷன். கம்ப்யூட்டருக்குள் நுழையும் வைரஸ் பல நேரம் முதலில் கை வைப்பது இதில்தான்.

வானாகிரை செய்தது என்ன?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. சுமார் 150 நாடுகளில் பரவிய வானாகிரை ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. நீலகிரியைத் தாண்டினால் வரும் வயநாட்டில், தரியோடு பஞ்சாயத்து ஆபீஸைத் திங்கட்கிழமை திறந்தவர்கள் ஸ்கிரீனில் பார்த்ததும் அதே மிரட்டலைத்தான்.

அந்த மிரட்டல் ஸ்கிரீனில் வருவதற்கு முன்பே வானாகிரை இரண்டு கட்டளைகளை ஓட்டியிருந்தது. முதலில் 'அட்ரிப்': தான் வந்து இறங்கிய ஃபோல்டரை மறைத்தது. அடுத்து 'ஐகாக்கிள்ஸ்': அந்த ஃபோல்டரிலும் அதற்குள் உள்ள எல்லாவற்றிலும் 'எவ்ரிஒன்', அதாவது யாராக இருந்தாலும், முழு அதிகாரம் என்று மாற்றியது. தப்பு வந்தாலும் நிற்காதே, சத்தம் போடாதே என்பதும் அந்தக் கட்டளையிலேயே இருந்தது. பின்னால் வந்த ரியூக் இதே கட்டளையை சி டிரைவ், டி டிரைவ் மொத்தத்துக்கும் ஓட்டியது. அதாவது பூட்டுவதற்கு முன்னால் எல்லாக் கதவையும் திறந்து வைக்கிற வேலை.

அப்போ ஐகாக்கிள்ஸ் ஓடினாலே வைரஸா?

இல்லைங்க. அது விண்டோஸோடு வரும் சொந்தக் கருவி. சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போதும் பர்மிஷன் மாறும். அதனால்தான் ஆன்டிவைரஸ் சில நேரம் இதைக் கண்டுகொள்ளாமல் விடும்.

பார்க்க வேண்டியது கட்டளையை மட்டும் அல்ல, அதை யார் ஓட்டினார்கள் என்பதை. ஐ.டி. ஆள் வேலை பார்க்கும் நேரத்தில் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ஓடியிருந்தால் சரி. மெயிலில் வந்த வேர்டு ஃபைலைத் திறந்த கையோடு, டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும் பெயர் தெரியாத புரோகிராம் ஒன்று 'எவ்ரிஒன்' என்று ஓட்டியிருந்தால், அதுவும் ஞாயிறு ராத்திரி என்றால், அது அபாய மணி.

இதில் நம்ம ஊர் சிக்கல் ஒன்று உண்டு. நெட்வொர்க்கில் கணக்கு டேட்டா திறக்கவில்லை என்றால், சர்வீஸுக்கு வருபவர் சில நேரம் அவசரத்துக்கு 'எவ்ரிஒன்' கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வேலை முடிந்துவிடும், ஓட்டை அப்படியே இருக்கும். வைரஸ் செய்ய வேண்டியதை நாமே செய்து வைத்த மாதிரி. இப்பவே பாருங்க: ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. அங்கே 'எவ்ரிஒன்' பெயருக்கு நேராக 'ஃபுல் கன்ட்ரோல்' டிக் ஆகியிருந்தால், ஏன் என்று உங்கள் ஐ.டி. ஆளைக் கேளுங்க.

விண்டோஸ் பதிவு செய்யாதா?

செய்யும், ஆனால் நாம் சொன்னால்தான். பர்மிஷன் மாறினால் 'ஈவென்ட் வியூவர்' செக்யூரிட்டி பகுதியில் 4670 என்ற எண்ணில் பதிவாகும். அதற்கு ஆடிட் பாலிசியை ஆன் செய்வதோடு, முக்கியமான ஃபோல்டரின் 'ஆடிட்டிங்' பகுதியிலும் 'சேஞ்ச் பர்மிஷன்ஸ்', 'டேக் ஓனர்ஷிப்' இரண்டையும் டிக் செய்ய வேண்டும். ஆடிட் பாலிசி, 'ஆடிட்டிங்' பகுதி இவற்றில் ஒன்றை விட்டாலும் பதிவு வராது. எல்லா ஃபோல்டருக்கும் போட்டால் பதிவு குவிந்து யாரும் பார்க்க மாட்டார்கள். கணக்கு, பேக்கப் இரண்டுக்கும் போட்டாலே போதும். எந்தப் புரோகிராம் எந்தக் கட்டளையை ஓட்டியது என்று அறிய மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'சிஸ்மான்' உதவும்.

லினக்ஸில் ஓடும் சிசிடிவி ரெக்கார்டர்களிலும் இதே கதைதான். 2016-ல் உலகை உலுக்கிய மிராய், தன் ஃபைலை இறக்கியதும் 'சிஹெச்மாட் 777' என்ற கட்டளையால் அதற்கு முழு அனுமதி கொடுத்துத்தான் ஓட ஆரம்பித்தது. அதில் பர்மிஷனைக் கண்காணிக்க நமக்கு வழி குறைவு. வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றுவதுதான் முதல் வேலை. மிராய் நுழைந்ததே அந்தப் பாஸ்வேர்டு வழியாகத்தான்.

சந்தேகம் வந்தால்?

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை அணைங்க. பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் உடனே கழற்றுங்க. பதற்றத்தில் ஃபார்மட் அடிச்சுடாதீங்க, ஆதாரம் போயிடும். சைபர் குற்ற உதவி எண் 1930. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் இதுபோன்ற தாக்குதலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.