துருவ இருளில் நின்ற மரங்கள்

பனி மூடிய அந்தாட்டிக்காவில் ஒருகாலத்தில் காடு செழித்தது என்றால் நம் மாணாக்கர் நகைப்பர். சான்று கற்களில் இருக்கிறது. 1912 பெப்ரவரியில் தென்துருவத்திலிருந்து மீண்ட ஸ்கொட் குழுவினர், பியர்ட்மோர் பனியாற்றருகே ஏறக்குறைய 16 கிலோ கற்களைச் சேர்த்தனர். பசியிலும் குளிரிலும் ஒவ்வொருவராக மாண்டபோதும் அச்சுமையை அவர்கள் எறிந்தாரில்லை. பேரரசின் கொடி நாட்டச் சென்ற பயணம் அது. கொடியினும் கற்களே உலகுக்குப் பயன்பட்டன.

அவற்றுள் குளொசொப்டெரிஸ் என்னும் நாவடிவ இலையின் சுவடுகள் இருந்தன. இந்தியாவின் இராணிகஞ்சில் தொழிலாளர் வெட்டியெடுக்கும் நிலக்கரியும் அம்மர இனம் வளர்ந்த காடுகளின் எச்சமே. இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் அன்று கொண்டுவானா என்னும் ஒரே நிலத்தின் கூறுகள். ஸ்கொட்டின் கற்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் சீவர்ட்டே, 1922இல் ஹொல்ட்டமுடன் சேர்ந்து, நம் புத்தளத்துத் தப்போவவில் கிடைத்த பிற்கால யுராசிக் தாவரச் சுவடுகளையும் விவரித்தார்.

கதிரவன் எழாத மாதங்களை அம்மரங்கள் எங்ஙனம் கடந்தன? இருளில் இலைகள் உணவு ஆக்கா. சுவாசித்துச் சேமிப்பையே அழிக்கும். ஆதலால் துருவ மரங்கள் யாவும் இலையுதிர்த்தன என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பாறைகளில் படிந்த இலைப்படுகைகளைச் சான்றாகக் காட்டினர். மட்டக்களப்புக் காட்டில் என்றும் பச்சையாய் நிற்கும் பாலையின் அடியிலும் சருகு குவிவதை அவர்கள் கண்டிருப்பின் சற்றுத் தயங்கியிருப்பர். பசுமை மாறா மரமும் இலை உதிர்க்கும். ஒருங்கே உதிர்ப்பதில்லை, அவ்வளவே.

தர்க்கம் செம்மையாயிருந்தமையால் எவரும் அதனை அளந்து பார்க்கவில்லை போலும்! 2003இல் றொயர், ஒஸ்போண், பியர்லிங் என்போர் துருவ ஒளிநிலையில் இருவகை மரங்களையும் வளர்த்து அளந்தனர். பச்சை இலைகள் இருளில் சுவாசித்து இழந்த காபனைவிட, இலைகளையே உதிர்த்த மரங்கள் இழந்த காபன் மிகுதியாயிற்று.

2014இல் கல்பிரான்சன் குழுவினர், பேர்மியன் காலத்து அந்தாட்டிக்க மரக்கற்களின் ஆண்டு வளையங்களை நுணுகி ஆராய்ந்தனர். வளையத்துக்குள் காபனின் இருவகை அணுக்களின் விகிதம் மாறும் போக்கு, இலையுதிர்த்த மரத்தில் ஒன்றாகவும் உதிர்க்காத மரத்தில் வேறாகவும் இருக்கும். குளொசொப்டெரிஸ் காட்டிலோ இரண்டும் காணப்பட்டன. உதிர்த்தவையும் உதிர்க்காதவையும் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விருளில் அருகருகே நின்றிருக்கின்றன.